கேசரியில் கள்ளிப் பூ

எங்கள் மிட்டாய் பேக்டரியில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்த சீன முதலாளி தவ்கேயும் அக்கா என்றார். லோரி கழுவ வந்த வங்காளதேசத்துப் பையன்களும் அக்கா என்றார்கள். அதனால் அவருடைய பெயர் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. என் தலையில் நிற்பதே குறைவு. ஆறாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அதில் சந்தோசம் அவருக்குத்தான் அதிகம்.

பேக்டரி ஈப்போவுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் இருந்தது. தேங்காய் மிட்டாய், தேங்காய் பிஸ்கட் இரண்டும் போடுவோம். பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் வரும். அதை லோரியிலிருந்து இறக்குவது என் வேலை. தவ்கே அதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் ஒன்று வைத்திருந்தார். முதுகுக்கு அந்தப் பெயர் தெரியாது. சாயங்காலமானால் அது வலிக்கத்தான் செய்யும்.

அக்கா பாகு காய்ச்சும் கொப்பரையடியில் நின்றார். சீனி, துருவிய தேங்காய், கடைசியில் சிவப்பு. துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கிண்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் நின்றால் எனக்குத் தலை சுற்றும். அவர் நாள் முழுக்க நிற்பார். விரல் பத்தும் மணிக்கட்டு வரைக்கும் எப்போதும் சிவப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற சீனக் கிழவிகள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்களாம். "ஆட்டக் கொன்னுட்டு வாரேன்னு நெனக்கிறாங்க போல. நமக்கும் நல்லா கால நீட்டிக்கலாம் லா" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் சும்மா கொடுக்க மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.

பசியாறும் நேரத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி அவர் தூக்குச் சட்டியிலிருந்து கிடைக்கும். ஆனால் வாயில் வைப்பதற்கு முன்னால் சொற்பொழிவு கேட்க வேண்டும்.

"தம்பி, இதுல வெங்காயம் இருக்கு, பூண்டு இருக்கு. நெலக்கடல கொஞ்சம் இருக்கு, ஒடம்புக்கு ஆகாதுன்னா தொடாத. புளி நேத்து கரைச்சது. என் முடி ஒன்னு விழுந்துச்சு, எடுத்துட்டேன். இன்னொன்னு இருந்தாலும் இருக்கும்."

"அக்கா, பசிக்குது."

"தெரிஞ்சு சாப்புடு. தெரியாம சாப்புடாத."

நான் தெரிந்தே முடியைச் சாப்பிட்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்தால் என் கல்யாணமும் நின்றது. எனக்குப் பெண் பார்க்கத் தைப்பிங் போனோம். என் பக்கத்துக்குப் பேச ஆள் இல்லை. அக்காதான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். தைப்பிங் வழக்கம்போல் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். நனைந்த என்னைப் பார்த்து அவரே துண்டு எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுசன். மாப்பிள்ளை எப்படி என்று அக்காவிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

அக்கா ஆரம்பித்துவிட்டார். "மனசு நல்ல மனசுங்கண்ணே. படிப்பு கெடையாது. கொறட்ட உண்டு, பகல்ல மூட்ட மேல படுத்தாலே கேக்கும். சனிக்கிழம கொஞ்சம் தண்ணி உண்டு. பேச்சு கூடுதல், அதுல பாதி தேவையில்லாத பேச்சு. பல்லு ஒன்னு கட்டினது."

நான் அவசரமாக வாயை மூடிக்கொண்டேன். கட்டின பல் முன்னால் இருக்கிறது.

அந்த வீட்டில் கொடுத்த தேத்தண்ணி நன்றாக இருந்தது. அதோடு சரி. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"ஏங்கா, ஒன்னு ரெண்ட விட்டுட்டு சொல்லக்கூடாதா?"

"எத விடலாம், சொல்லு. கொறட்டயவா, தண்ணியவா?"

"பல்ல விட்டிருக்கலாம்."

"சிரிச்சா தெரிஞ்சிடும் லா தம்பி" என்று ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார். இன்றைக்கும் நான் தனி ஆள்தான். குறட்டை யாருக்கும் தொந்தரவில்லை.

சிவப்பு விசயத்துக்கு வருகிறேன். முதலில் நாங்கள் போட்டது மலிவான கெமிக்கல் தூள். வெயில் பட்டால் மிட்டாய் வெளுத்துப்போய் காய்ச்சல்காரன் உதடு மாதிரி ஆகிவிடும். பிறகு வெளிநாட்டுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள் கெமிக்கல் வேண்டாம் என்றார்களாம். தவ்கே ஒருநாள் சின்ன டின் ஒன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார். உள்ளே கருஞ்சிவப்பாகத் தூள்.

"அக்கா, இனி பாகுஸ். நேச்சுரல். கெமிக்கல் தாடா."

நல்ல சாமான், கெமிக்கல் இல்லை என்கிறார். அது உண்மையிலேயே நல்ல சாமான்தான். நகக் கண்ணளவு போட்டால் கொப்பரை முழுக்கச் செம்பருத்தி நிறம். கொதித்தாலும் மாறாது, வெயிலிலும் வெளுக்காது. என் வெள்ளைச் சட்டையில் ஒருமுறை பட்டது. சட்டை கிழிந்து துடைக்கிற துணியான பிறகும் அந்தச் சிவப்பு மட்டும் இளமையாக இருந்தது.

கலர் கம்பெனி ஒரு காலண்டரும் கொடுத்தது. அதில் ஒரு கள்ளிச்செடிப் படம். சப்பை சப்பையான மடல்களில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கும். ஓரத்தில் ஒரு உள்ளங்கை, அதில் சிவப்பாகத் தேய்த்த கறை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து. அக்கா தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எனக்கு அந்தத் தொல்லையும் இல்லை. இரண்டு பேரும் படத்தை வெகுநேரம் பார்த்தோம்.

"இதுதான் பூவு. எலவம் பஞ்சு மாதிரி வெளிய வெள்ள, உள்ள செவப்பு" என்றார் அக்கா.

"அதான் கையில தேச்சுக் காட்டுறாங்க" என்று நானும் நிபுணர் மாதிரி தலையாட்டினேன்.

அந்த வருசம் ஆயுத பூசைக்குக் கொப்பரை, தராசு, லோரி டயர், என் இரும்புக் கொக்கி எல்லாவற்றுக்கும் அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்தார். காலண்டர் கள்ளிக்கும் மடலுக்கு ஒரு பொட்டு வைத்தார். "நமக்குச் சோறு போடுற செடி" என்றார்.

"எனக்கும் ஒன்னு வைங்கக்கா. நானும் மிசின்தான்."

"ஒனக்கு ரிப்பேரு அதிகம் தம்பி."

டின் காலியானால் அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துக்கொள்ள அக்கா தவ்கேயிடம் கேட்டு வைத்திருந்தார். அது போன இடம் கோயில்.

நாங்கள் எல்லாம் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டம் செம்பனையாகி, செம்பனை தாமான் என்கிற குடியிருப்பாகி, எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிற கடை இருக்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் தாமான் ஓரத்தில் மிச்சம். வருசத் திருவிழாவுக்குச் சிதறிப்போன எல்லோரும் வந்துவிடுவார்கள். காப்பு கட்டினதிலிருந்து தீமிதி முடிகிற வரைக்கும் கவிச்சி கிடையாது. தீமிதி அன்று காலை பூசை முடிந்ததும் அம்மனுக்குப் படைத்த கேசரியைத்தான் விரதக்காரர்கள் வாயில் வைப்பார்கள். அம்மனுக்குச் சிவப்பு பிடிக்கும். கேசரி கிண்டுவது அக்கா. வரிசையில் நிற்கிற ஒவ்வொரு கைக்கும் அதே சொற்பொழிவு.

"ரவ இருக்கு, நெய்யி இருக்கு, முந்திரி இருக்கு, ஏலக்கா இருக்கு. கலரு கெமிக்கல் இல்ல, கள்ளிப் பூவு."

வருசா வருசம் சொன்னார். வருசா வருசம் சாப்பிட்டோம்.

ஒரு திருவிழாவில் எங்கள் லோரி டிரைவர் சேகருக்குத் தீயில் கால் வெந்துவிட்டது. பாதம் முழுக்கக் கொப்பளம். விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. சுட்டால் அவன் எதையோ தின்றிருக்கிறான். நெருப்பு என்றால் சுடத்தானே செய்யும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தீயே மிதிக்காதவன் பேசாதே என்றார்கள். அதுவும் நியாயம்தான். அதற்குப் பிறகு சேகர் கையால் அவன் மாமியார் தண்ணீர்கூட வாங்கவில்லை. அடுத்த வருசம் அவனுக்குக் காப்பு கட்டுவதில்லை என்று கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். கலகலவென்று பாட்டுப் போட்டுக்கொண்டு லோரி ஓட்டினவன், ரேடியோவை அமர்த்திவிட்டு ஓட்ட ஆரம்பித்தான். கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பான்.

"சத்தியமா நான் எதுவும் கெடுக்கல மச்சான்" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னான். கேட்காமலே சொன்னான்.

அடுத்த திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், கலர் கம்பெனி ஆள் ஒருவன் புதுக் காலண்டர் கொண்டுவந்தான். பாரிட் புந்தார் பக்கத்துத் தமிழ்ப் பையன். கழுத்தில் டை, காலில் எங்கள் சீனிப் பாகு. பழைய காலண்டரைக் கழற்றப் போனவன் நின்றுவிட்டான்.

"யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

"அக்கா. ஏன்?"

அவன் சிரித்த சிரிப்பில் டை தோளுக்குப் போய்விட்டது. "அக்கா, பூச்சிக்கில்ல பொட்டு வச்சிருக்கீங்க."

அக்கா துடுப்பை நிறுத்தவில்லை. "எது பூச்சி?"

"இந்த வெள்ளையா இருக்குல்ல, அது பஞ்சு இல்லக்கா. பூச்சி. கள்ளியில ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சும். மேல வெள்ளையா மெழுகு மாதிரி மூடிக்கும். சுரண்டி எடுத்துக் காய வச்சு அரைச்சா, அதுலேருந்துதான் இந்தச் செவப்பு. நாம மருதாணிய பறிச்சு அரைக்கிறோம்ல, அது மாதிரி பூச்சிய அரைக்கிறது."

"நேச்சுரலுன்னு சொன்னாரு தவ்கே."

"பூச்சியும் நேச்சுரல்தானக்கா. இது பழைய காலத்துச் சாமான். அப்பல்லாம் ராசாக்க துணிக்குப் போட்டாங்க. இப்ப தயிருல போடுறாங்க, ஜேம்ல போடுறாங்க, ஐஸ்கிரீம், லிப்ஸ்டிக்கு, மாத்திரைக்கு மேல பூசுற கலரு, எல்லாத்துலயும் இருக்கும். ஒன்னும் செய்யாது."

ஈப்போவில் பாதிப் பேர் உதட்டில் பூச்சி என்றால், முத்தம் கொடுத்தவர்கள் கதி என்ன என்று எனக்கு யோசனை ஓடியது. நான் கவலைப்பட வேண்டியதில்லை. எனக்கு அந்த வாய்ப்பு வந்ததில்லை.

"உசுரோடவா காய வப்பாங்க?" என்று கேட்டார் அக்கா.

பையன் சிரிப்பை நிறுத்தினான். "வெயில்ல போடுவாங்கக்கா. இல்லன்னா சுடுதண்ணி."

அக்கா துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். கை கழுவினார். சோப்பு போட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். அந்தச் சிவப்பு போகாது என்று அவருக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கொப்பரையில் மிட்டாய் அடிப்பிடித்தது. அவர் கொப்பரையில் அடிப்பிடித்து நான் பார்த்தது அன்றுதான்.

மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, கோயில்ல சொல்லணும்."

"என்னத்த?"

"கேசரியில பூச்சி இருந்துச்சுன்னு."

எனக்கு முதுகுவலியோடு இதுவும் சேர்ந்தது. "அக்கா, யாருக்கும் தெரியாது லா. இந்தத் தடவ மஞ்சள் கலருல போடுங்க, முடிஞ்சுது. சொன்னா ஒங்கள அடுப்புப் பக்கமே விட மாட்டாங்க."

"சேகரு காலு?"

"எல்லாரும்தான் சாப்புட்டோம். அவனுக்கு மட்டும் ஏன் சுட்டுச்சு?"

"அவரு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாரு."

நான் மூன்று தடவை வாங்கினேன். நல்லவேளை, தீ மிதிக்கவில்லை.

"யாரும் கேக்கலையேக்கா. கேக்காதத ஏன் சொல்லணும்?"

அக்கா தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு கூட்டாளி குடுத்த பாட்டிலக் குடிச்சுதான் போனாரு, தெரியும்ல. தோட்டத்துல திருட்டுத்தனமா காச்சுனது. மொதல்ல கண்ணு போச்சு, அப்புறம் ஆளு போனாரு. குடுத்தவனுக்கு உள்ள என்ன ஊத்தியிருக்குன்னு தெரியும். இவரு கேக்கல. அவனும் சொல்லல."

நான் எழுந்து போய் மிச்சத் தேங்காயை இறக்கினேன்.

காப்பு கட்டும் நாள் சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். கார் எடுக்கச் சொல்லியும் செருப்பை ஓரமாக விடச் சொல்லியும் கமிட்டித் தலைவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். சேகர் வெளியே அரச மரத்தடியில் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அக்கா நேரே போய் மைக்கைக் கேட்டார்.

"அன்னதானம் பத்தியாக்கா?" என்றார் தலைவர்.

"சாப்பாடு பத்திதான்."

கொடுத்துவிட்டார், பாவம்.

"எல்லாருக்கும் வணக்கம். கேசரியில என்னென்ன இருக்குன்னு வருசா வருசம் சொல்லித்தான் குடுத்தேன். ஒன்னு தப்பா சொல்லிட்டேன். கலரு பூவு இல்ல. கள்ளியில ஒட்டுற பூச்சி. காய வச்சு அரைச்சது. எனக்கு இப்பதான் தெரியும். விரதம் இருந்தவங்க சாப்புட்டீங்க. கெட்டுச்சுன்னா என்னால கெட்டது. சேகரு காலு வெந்ததுக்கும் அதுதான் காரணமா இருக்கும். அவர யாரும் ஒன்னும் சொல்லாதீங்க. என்னச் சொல்லுங்க."

மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்தார். பிறகு ஆரம்பித்தது. ஒரு அம்மா வாந்தி வருகிற மாதிரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அம்மனுக்கே பூச்சியைப் படைத்துவிட்டாளே என்று ஒரு குரல். இத்தனை வருசமும் என்று இன்னொரு குரல். அக்கா மைக்கைப் பிடித்தபடியே நின்றார். யாராவது ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

"இங்க லிப்ஸ்டிக்கு போட்டிருக்கிற தாய்மாருங்க எல்லாம் வாயத் தொடைங்க. அதுலயும் அதே பூச்சி இருக்கலாமாம்" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

திட்டு என் பக்கம் திரும்பியது. எனக்கு அது பழக்கம்.

தலைவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். நாலு பேரோடு ஓரமாகப் பேசிவிட்டு வந்தார். சேகர் காப்பு கட்டிக்கொள்ளலாம் என்றார். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அடுப்பு வேணாங்கா. பாத்திரம் கழுவுறதுக்கு வாங்க, போதும்" என்றார்.

"சரிங்க தம்பி" என்றார் அக்கா. "சோப்பு எலுமிச்ச வாசன சோப்பு. பாத்திரத்துல நிக்கும். நல்லா அலசணும்."

மறுநாள் மத்தியானம் சேகர் லோரியை நிறுத்திவிட்டுக் கொப்பரையடிக்கு வந்தான். நான் மூட்டை மேல் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். அன்றைக்குப் பார்த்துக் குறட்டை வரவில்லை.

"அக்கா, நேத்து நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஏன்?"

"பூச்சி இல்லக்கா. கோழி. போன வருசம் காப்பு கட்டி ரெண்டாம் நாளு தஞ்சோங் மாலிம் ஓட்டத்துல பசி தாங்கல. நாசி ஆயாம் சாப்புட்டேன். அன்னிலேருந்து யாருகிட்டயும் சொல்ல முடியல."

துடுப்பு நின்றது. பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

"பூச்சியும் இருந்துச்சு" என்றார் அக்கா.

"அக்கா..."

"என் சட்டியில என்ன இருந்துச்சோ அத நான் சொல்லிட்டேன். ஒங்க சட்டியில இருந்தத நீங்கதான் சொல்லணும். எனக்கு அதுல வேலை இல்ல. இந்தத் தடவயாவது பசிச்சா வாழப்பழம் வாங்கிச் சாப்புடுங்க."

சேகர் அந்த வருசம் தீ மிதித்தான். சுடவில்லை. கோயிலில் வெள்ளைக் கேசரி கொடுத்தார்கள். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பின்பக்கம் அக்கா அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவன் சொல்லுவான் சொல்லுவான் என்று நான் அந்தத் திருவிழா முழுக்கப் பார்த்தேன். அடுத்த திருவிழாவிலும் பார்த்தேன். அவன் ரேடியோவை மட்டும் மறுபடியும் போட்டுக்கொண்டான், சத்தம் குறைவாக. அக்கா ஒவ்வொரு வருசமும் பாத்திரம் கழுவினார். என்னிடமோ அவனிடமோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மழைக் காலத்தில் அக்கா தூக்கத்தில் போய்விட்டார். பேக்டரியை விட்டு வெகுநாள் ஆகியும் விரல் நுனியில் லேசாகச் சிவப்பு இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. சுத்தமாக, வெளுத்துப்போய் இருந்தது.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அவர் மகன் வெளிச் சமையல்காரரிடம் சொல்லியிருந்தான். நானும் சேகரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமாறுகிற பையன் வாளியோடு வந்து எங்கள் இலையில் கேசரி வைத்தான். நல்ல சிவப்பு.

"தம்பி, இதுல என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் போட்டிருக்குண்ணே. சாப்புடுங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

சேகர் கேசரியை விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளினான். வாளிக்காரன் போன பக்கம் தலையைத் திருப்பாமல், "மச்சான், அன்னிக்கு நான் கோழி சாப்புட்டேன்" என்றான்.

"தெரியும் லா" என்றேன். "சாப்புடு."